தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும் சிஸ்டரின் கத்திரிக்கோலும்

எனக்குக் கீழே வேலை பழகிய பெண் ஒருத்தி இப்போது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டுப் பொறுப்பில் இருக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் உடம்பில் கட்டியிருக்கிற கயிறு, தாயத்து எல்லாவற்றையும் அறுத்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும் என்று அங்கே புது உத்தரவாம். ஒரு பெரியவர் கயிறு கட்டிய கையை அக்குளில் சொருகிக்கொண்டு தியேட்டர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். "நீங்களா இருந்தா இன்னா மேடம் பண்ணியிருப்பீங்க? அறுப்பீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் வேலையில் இருந்த காலம் முழுக்கச் சுருக்கமாகப் பேசியே பழகியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு யார் எதைக் கேட்டாலும் லேசில் விடுவதில்லை. பாவம், அவள் இரண்டாவது காபியும் குடித்துவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வியாசர்பாடிக்காரி. அப்பா மில் தொழிலாளி, பௌத்தர். எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குக் கன்னத்தில் மைப்பொட்டு வைக்க மாட்டார்கள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட மாட்டார்கள். எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் எதிர்வீட்டு அத்தை முச்சந்தி மண் எடுத்து வந்து தலையைச் சுற்றிப் போட்டார் என்று அப்பா அவரோடு பல மாதம் பேசவில்லை. அந்த வளர்ப்போடு ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தவளுக்கு, கயிறு கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இளக்காரம்தான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுதந்திரம் வந்த சமயம் அது. படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் சொருகுவது, ஊசிகளைக் கொதிக்க வைப்பது, டாக்டர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பது. இதில் மூன்றாவதைத்தான் அதிகம் கற்றுக்கொடுத்தார்கள். வேலையை வேலையாகப் பழகியது ராயபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். வார்டில் நின்றால் ஹார்பர் சங்கு காதில் விழும். காற்று திரும்பினால் கருவாட்டு வாசனை வரும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், சரக்கு இறக்கும் விஞ்சு ஓட்டுகிறவர்கள், காசிமேட்டு வலைக்காரர்கள், திருவொற்றியூர் ஃபேக்டரி ஆட்கள், எண்ணூர் உப்பளத்துப் பெண்கள் என்று வருவார்கள்.

இவர்களில் ஒருவர்கூட வெறும் உடம்போடு வந்ததில்லை. கழுத்தில் தாயத்து, புஜத்தில் தர்காவில் மந்திரித்த கறுப்புக் கயிறு, இடுப்பில் நடுவில் ஓட்டை போட்ட காலணா, குழந்தைகள் மணிக்கட்டில் வசம்பு வளையல். மாதா சுரூபத்தையும் முனீஸ்வரன் கயிற்றையும் ஒரே கழுத்தில் பார்த்திருக்கிறேன். கப்பலில் வந்த வெளிநாட்டு மாலுமி ஒருவன் காலொடிந்து படுத்திருந்தான். அவன் கழுத்தில் ஒரு நீலக் கண்ணாடி மணி. அதில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு கண் வரைந்திருந்தது. ஆஸ்பத்திரி முழுக்க அதை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "கண்ணுக்குப் பயப்படாத ஊர் எந்தச் சமுத்திரத்துக்கு அந்தாண்டயும் கிடையாது போலருக்கே" என்று சிஸ்டர் சிரித்தார்.

சிஸ்டர் என்றால் ஞானம் சிஸ்டர். எங்கள் வார்டுப் பொறுப்பாளர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். உயரம் என் தோள் வரைதான், குரல் மட்டும் அடுத்த வார்டு வரை. அவர் உடம்பில் ஒரு கைக்கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது. கயிறு, தாயத்து எதிலும் துளி நம்பிக்கை இல்லை. ஆனால் அவற்றைக் கழற்றுவதற்கு அவர் வைத்திருந்த முறை இருக்கிறதே, அதை ஆபரேஷன் கருவிகளைக் கழுவும் முறையைவிடக் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்வார்.

கயிற்றை அறுக்கக் கூடாது. முடிச்சை அவிழ்க்க வேண்டும். நோயாளியே அவிழ்த்தால் நல்லது. முடியாவிட்டால் கூட வந்தவர். இரண்டும் இல்லாவிட்டால்தான் நாம். அவிழ்த்ததைத் தரையில் வைக்கக் கூடாது, நம் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. எனாமல் தட்டில் சுத்தமான துணி விரித்து அதில் வாங்கி, நோயாளியின் கண்ணெதிரே கட்டில் தலைமாட்டுக் கம்பியில் கட்ட வேண்டும். மயக்கம் தெளிந்து திரும்பிப் பார்த்தால் அது அங்கே தொங்க வேண்டும்.

"எதுக்கு சிஸ்டர் இவ்வளவு மரியாதை?" என்று வந்த புதிதில் கேட்டேன்.

"ஏட்டி, கயித்துல அழுக்கு இருக்கு. அழுக்கு தியேட்டருக்குள்ள போகக் கூடாது. அதுக்குத்தான் கழத்துதோம். அவன் தைரியத்தைக் கழத்தச் சொல்லி எந்தப் புஸ்தகத்துலயும் எழுதல்ல" என்றார். எனக்கு அது அப்போது சால்ஜாப்பாகத்தான் பட்டது.

புண்ணுக்குக் கட்டுப் போடுகிற எங்கள் டிரெஸ்ஸர் கோவிந்தசாமிக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். ஒரு நாள் விஞ்சு ஓட்டுகிற ஆள் ஒருவர் இரும்புக் கயிற்றில் விரல் நசுங்கி வந்தார். நசுங்கின விரலைக் கழுவும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே தவிர, ஒரு முனகல் இல்லை. கோவிந்தசாமி அவர் மணிக்கட்டுக் கயிற்றை நறுக்கென்று வெட்டி, சீழ்ப் பஞ்சு கிடந்த வாளியில் போட்டுவிட்டார். அந்த மனுஷர் அப்படியே எழுந்து நல்ல கையை வாளிக்குள் விட்டுத் துழாவ ஆரம்பித்தார்.

சிஸ்டர் சத்தம் போடவில்லை. அவரை உட்கார வைத்துவிட்டு, உறை மாட்டிக்கொண்டு தானே அதைத் தேடி எடுத்தார். லோஷனில் கழுவித் துடைத்துத் தட்டில் வைத்து நீட்டினார். அப்புறம் திரும்பி, "கோவிந்தசாமி, உம்ம அரைஞாண் கயித்தைக் கொஞ்சம் அறுத்து இந்த வாளியில போடும், பாப்போம்" என்றார்.

கோவிந்தசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. இடுப்புக் கயிற்றை அறுப்பது செத்த பிறகு செய்கிற காரியம். "அய்யோ சிஸ்டர், இன்னா இப்டி சொல்ட்ட?" என்று இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் நினைவு வந்தது, எங்கள் அப்பா இடுப்பிலும் ஒரு கறுப்புக் கயிறு இருந்தது. வேட்டி நிற்பதற்காக என்று சொல்லுவார்.

படித்தவர்கள் மட்டும் லேசா? கோட்டும் டையுமாக ஒரு ஆபீசர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். உள்பனியனில் ஊக்கால் குத்தி ஒரு தாயத்து வைத்திருந்தார். கழற்றும்போது என்னைக் கிட்டே கூப்பிட்டு, "தலைமாட்டுல எல்லாம் கட்டாதீங்க. ஆபீஸ்லேருந்து பார்க்க வருவாங்க" என்றார் மெதுவாக. சிஸ்டர் அதைத் தலையணை உறைக்குள் வைக்கச் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் அந்த மனுஷர் கை முதலில் போனது தலையணைக்கு அடியில்தான்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் தவுடு என்ற பையன் வந்த நாளைச் சொல்லாமல் அந்தப் பெண்ணின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

ஐம்பதுகளின் ஆரம்பம். சித்திரை வெயில், மத்தியானம். ஒரு கைரிக்ஷா வந்து நின்றது. அதிலிருந்து ஒருத்தி ஒரு ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடி வந்தாள். பையனுக்கு மூன்று வயசு இருக்கும். தூரத்திலிருந்தே மூச்சுச் சத்தம் கேட்டது, ரம்பம் இழுப்பது போல. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. வாயைத் திறந்து பார்த்த டாக்டர் என்னையும் பார்க்கச் சொன்னார். தொண்டை முழுக்கச் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்திருந்தது. தொண்டை அடைப்பான். இப்போது தடுப்பூசி வந்து அந்த வியாதியையே இளம் நர்சுகள் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு வருஷா வருஷம் பார்ப்போம்.

வியாதியின் விஷத்தை முறிக்கிற சீரம் ஊசியை உடனே போட்டோம். ஆனால் சீரம் வேலை செய்ய நேரம் ஆகும். அதுவரை மூச்சு தாங்காது என்று பார்த்தாலே தெரிந்தது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும். எங்கள் டாக்டர் இளவயசு, டில்லியில் வளர்ந்தவர். நல்ல கை. ஆனால் முன்பு வேலை பார்த்த ஊரில், பெற்றவர்களைக் கேட்காமல் ஒரு குழந்தைக்குக் கத்தி வைத்து, அது இறந்துபோய், விசாரணை வரை போய் அடிபட்டவர். அதிலிருந்து சம்மதம் வாங்காமல் கத்தியைத் தொட மாட்டார். அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

"குழந்தை பேர் என்னம்மா?"

"தவுடு சார்."

"நீ அம்மாவா?"

"இல்ல சார். நா பக்கத்து வூடு. என் பேரு அஞ்சல."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும் சிஸ்டருக்கும் அந்த ஒரு பேரிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போனால், அடுத்துப் பிறப்பதைக் குப்பையில் புரட்டி எடுப்பார்கள். மூக்குக் குத்துவார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையைக் கண்ணும் சீந்தாது, காலனும் சீந்தமாட்டான் என்று கணக்கு. பிள்ளை தாயிடமேதான் வளரும். ஆனால் வாங்கினவளைத்தான் அம்மா என்று கூப்பிடும். பெற்றவள் வாய் தவறிக்கூட என் பிள்ளை என்று சொல்லக் கூடாது.

பையனுக்கு மூக்கில் செப்பு வளையம் இருந்தது. இடுப்புக் கயிற்றில் ஓட்டைக் காலணா. கழுத்தை ஒட்டி இறுக்கமாக ஒரு கறுப்புக் கயிறு, அதில் தகட்டுத் தாயத்து. போட்டிருந்த சட்டை யாரோ தூக்கிப் போட்ட சட்டை. முகம் மட்டும் அப்படியே அஞ்சலையின் முகம்.

"அப்ப அம்மா எங்கே?" என்றார் டாக்டர்.

"முனியம்மா சார். மார்க்கெட்டாண்ட மீன் வித்துகினு கீது. தவுடோட அப்பன் கப்பல் வேலைக்குப் போய்க்கீறான், கொளும்புக்கு."

ஆள் அனுப்பினோம். டாக்டரிடம் நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவர் அஞ்சலை பக்கம் திரும்பி, "நீதான் அம்மாவாமே? ஒரு வார்த்தை சொல்லும்மா. சொன்னா இப்பவே ஆரம்பிச்சிடறேன்" என்றார். கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"எம்புள்ள இல்ல சார்" என்றாள் அவள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போய், "உனக்கு அறிவிருக்கா? பிள்ளை செத்துக்கிட்டிருக்கு" என்று கத்தினேன்.

அவள் என் கையை விலக்கவில்லை. "நர்சம்மா, முன்ன ரெண்டு பெத்தேன். எம்புள்ள, எம்புள்ளன்னு தூக்கிகினு தெரு முச்சூடும் காட்டிகினு வந்தேன். ரெண்டும் மூலக்கொத்தளம் சுடுகாட்டுல கீது. இத்த நா என்னுதுன்னு ஒரு தபா வாயால சொன்னதில்ல. அது தூங்கிகினு கீறப்ப கூட சொன்னதில்ல. இப்ப உசுரு இஸ்துகினு கீறப்ப சொல்லச் சொல்றியே. இத்தயும் தூக்கிக் குடுக்கச் சொல்றியா?" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கண்ணும் இல்லை, காலனும் இல்லை, அது கிருமி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கையை விட்டுவிட்டுப் பையனிடம் திரும்பிப் போனேன்.

உள்ளே பையனின் உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது. சிஸ்டர் கைகளைத் துடைத்துக்கொண்டே அஞ்சலை எதிரில் வந்து நின்றார். அவர் அம்மா என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"இங்கப் பாரு. இந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு அழுவா?"

"நான்தா."

"பொழைச்சா யாரு பாத்துக்கிடுவா?"

"நான்தா."

"கழுத்துல கத்தி வைக்கலாமா, வேண்டாமா? யாரு சொல்லணும்?"

"நா சொல்றேன். வைங்க."

"நீ இவனுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல" என்றாள் அவள்.

சிஸ்டர் டாக்டரைப் பார்த்தார். "ஒண்ணும் வேண்டாதவ சம்மதம் சொல்லுதா, டாக்டர். நான் சாட்சி." டாக்டர் அஞ்சலையை ஒரு கணம் பார்த்தார். பேனாவை மேஜையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

தியேட்டருக்குக் கொண்டு போக நேரமில்லை. பக்கத்து அறை மேஜையிலேயே பையனைப் போர்வையால் கையும் காலும் சேர்த்துச் சுற்றினோம். தோளுக்கு அடியில் மணல் பை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்தோம். டாக்டர் கத்தி வைக்க வேண்டிய இடத்துக்குக் குறுக்கே இருந்தது அந்தக் கறுப்புக் கயிறு.

சிஸ்டர் முடிச்சில் விரலை வைத்தார். எண்ணெயும் வேர்வையும் ஊறி இறுகிப்போன முடிச்சு. நகத்தால் கிளறினார். அஞ்சலை ஓடிவந்து, "அது முனியம்மா கட்னது, அறுத்துறாதீங்கம்மா" என்றாள். சிஸ்டர் மறுபடி முயன்றார். பையன் மூச்சு ஒரு தரம் நின்று, மறுபடி இழுத்தது.

"ஏட்டி, கத்திரிக்கோல்" என்றார்.

எனக்குக் கேட்டது. ஆனாலும் கை நீளவில்லை. அந்த வார்டில் அவர் ஒரு கயிற்றை வெட்டி நான் பார்த்ததில்லை. "குடுட்டி!" என்று அதட்டினார். கொடுத்தேன். ஒரே வெட்டு. அஞ்சலை போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

தாயத்து தரையில் விழவில்லை. சிஸ்டர் இடது கையில் ஏந்தியிருந்தார். அதை அஞ்சலையின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மூடினார். "அறுந்தது கயிறுதான். உள்ள இருக்கது அப்படியே இருக்கு. நான் சொல்லுத வரைக்கும் கையை விரிக்காத. பிடிச்சுக்கோ" என்றார். அவள் மூடிய கையை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு கதவோரம் குந்திவிட்டாள்.

என் வேலை தலையைப் பிடித்துக்கொள்வது. தாடை நுனியும் தொண்டைக்குழியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். தலை ஒரு இம்மி திரும்பினாலும் கத்தி வேறு இடத்துக்குப் போய்விடும். மரத்துப்போக ஊசி, அப்புறம் தோல், அப்புறம் கொக்கி. துளை விழுந்ததும் புஸ்ஸென்று ஒரு சத்தம். சளியும் ரத்தமும் சாம்பல் தோலும் டாக்டர் முகமூடியில் தெறித்தன. அவர் அசையவில்லை. வெள்ளிக் குழாயை உள்ளே செலுத்தினார். பையன் நெஞ்சு முதல் தடவையாக நிரம்பி ஏறி இறங்கியது. நீலம் போய் உதட்டில் ரத்தம் வந்தது.

குழாய் நகராமல் இருக்க நாடாவைக் கழுத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும். பக்கவாட்டில், முடிச்சாக. சுருக்குப் போட்டால் பிள்ளை இழுத்துவிடும். சிஸ்டர் கட்டினார். கறுப்புக் கயிறு இருந்த இடத்தில் இப்போது வெள்ளை நாடா.

முனியம்மா அப்புறம்தான் வந்து சேர்ந்தாள், தலையில் மீன்கூடையோடு. "நான்தா ஆத்தாகாரி! தவுடு குட்த்து வாங்குனேன்! எங்க கை நாட்டு வைக்கணும்?" என்று வாசலிலிருந்தே கேட்டாள். அன்று டாக்டர் சிரித்தது அப்போதுதான். கயிறு அறுந்த சேதியை அஞ்சலை அழுதுகொண்டே சொன்னாள். முனியம்மா கொஞ்சமும் அசரவில்லை. "அறுந்தா இன்னா? பட்ட கண்ணு அதோட போச்சுன்னு வச்சுக்க. நா வேற கயிறு வாங்கியாறேன். இன்னாத்துக்கு ஒப்பாரி?" என்றாள். சிஸ்டர் அவளை உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் காபி வரவழைத்தார். எங்கள் வார்டில் அது லேசில் யாருக்கும் கிடைக்காது.

குழாய் வைத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெரிய வேலை. கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆவி கட்டிலுக்குள் போக வேண்டும். குழாய்க்குள் இருக்கும் சின்னக் குழாயை அடிக்கடி எடுத்துச் சோடா உப்புக் கரைத்த நீரில் கழுவ வேண்டும். கொதிக்க வைத்த கோழி இறகை உள்ளே விட்டுச் சளியைத் திருகி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கண்ணை எடுக்கக் கூடாது. காற்று கழுத்துத் துளை வழியாகப் போவதால் அந்தப் பிள்ளையால் சத்தம் போட முடியாது. குழாய் அடைத்தாலும் அழுகை கேட்காது. தவுடு அழுவான், வாய் கோணும், கண்ணீர் வழியும், சத்தம் மட்டும் இருக்காது.

தொற்று வியாதி என்பதால் வெளியாட்களை விடக் கூடாது. சிஸ்டர் அஞ்சலைக்கு முகத்துணி கட்டிவிட்டு, "இவ வெளியாள் இல்ல, வார்டு ஆள்" என்று சொல்லிவிட்டார். அவள் பார்த்துக்கொண்ட மாதிரி எங்களில் யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. நாடா மாற்றுகிற நேரம் வந்தால் மட்டும் தகராறு செய்வாள். "கட்டுன கைதான் அவுக்கணும். பெரிய சிஸ்டர இட்டுகினு வா" என்பாள். சிஸ்டரும் முணுமுணுத்துக்கொண்டே வருவார். "மந்திரவாதி வேலையும் இப்ப நமக்குத்தான்" என்பார். ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை.

ஆக, அறுப்பீர்களா மாட்டீர்களா என்று கேட்டாளே, அவளுக்கு என் பதில் இதுதான். அவிழ்க்க முடிந்தவரை அவிழ். அறுக்க வேண்டி வந்தால் தயங்காமல் அறு. அறுத்ததை அவர்கள் கையிலேயே கொடு. குப்பையில் போடச் சொல்கிற உத்தரவு மாறும்வரை மேலே எழுதிக்கொண்டே இரு.

அவள் அதோடு எழுந்திருக்கப் பார்த்தாள். பையன் பேசினானா என்று கேட்காமல் எப்படிப் போகிறாய் என்று உட்கார வைத்தேன்.

தொண்டைத் தோல் உரிந்து, வீக்கம் வடிந்து, குழாயை எடுக்கலாமா என்று சோதிக்கிற நாள் வந்தது. குழாய் வாயை விரலால் அடைத்தால் காற்று தொண்டை வழியாக வர வேண்டும். வந்தால் குரலும் வரும். வராவிட்டால் இன்னும் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம், எல்லாம் முதலிலிருந்து. டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்றார். முனியம்மா கால்மாட்டில். அஞ்சலை அவளுக்குப் பின்னால், தாயத்தை இறுக்கின கையோடு. சிஸ்டர் அதை விரிக்கச் சொல்லவே இல்லை. அவளும் விரித்திருக்கவில்லை. வேலை செய்யும்போது முந்தானையில் முடிந்துகொள்வாள். வேலை முடிந்ததும் மறுபடி கைக்குள்.

சிஸ்டர் விரலை வைத்தார். பையன் மிரண்டு விழித்தான்.

"கூப்புடுறா, அம்மா இங்க கீறேன் பாரு" என்றாள் முனியம்மா.

அவன் முனியம்மாவைப் பார்த்தான். அவளைத் தாண்டிப் பார்த்தான். நெஞ்சு ஏறியது. துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு குரல் வந்தது.

"அக்கா."

பிறந்ததிலிருந்து அஞ்சலையை அப்படித்தான் கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். மூச்சு நின்று திரும்பி வந்த பிள்ளை, வேறு எதையாவது சொல்லிவிடுவானோ என்று அவள் எப்படி நடுங்கிக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "கஸ்மாலம், இப்பத்தான் வாய் வந்துச்சா ஒனக்கு?" என்று திட்டிக்கொண்டே கட்டிலுக்கு ஓடி வந்தாள். கண்ணீர் முகத்துணியை நனைத்துக்கொண்டு இறங்கியது.

டாக்டர் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். "பாரும்மா, உன் பிள்ளை பிழைச்சிட்டான்!" என்றார் பலமாக.

அஞ்சலை கட்டிலைத் தொட்ட கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை, டாக்டர்" என்றேன் நான். வார்டு முழுக்கக் கேட்கும்படி, சிஸ்டர் குரலில் சொன்னேன். சொன்னது வியாசர்பாடி பௌத்தர் வீட்டுப் பெண்ணா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஆமா ஆமா. பக்கத்து வீட்டுப் பிள்ளைதான்" என்றார். "பார்க்கவே சகிக்கல. சீக்கிரம் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போம்மா."

அஞ்சலை அப்போதுதான் கையை விரித்தாள்.